தோல் வேலைக்கு எட்ஜ் பெவலர்: எதை வாங்குவது, எப்படித் தீட்டுவது?

எட்ஜ் பெவலர் என்பது வெட்டிய தோலின் ஓரத்தில் நிற்கிற கூரான மூலையைச் சீவி எடுக்கிற சின்னக் கைக்கருவி. கேட்டவர் அதைப் பற்றி மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இணையத்தில் ஐந்து பெவலர் கொண்ட செட் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கலாமா? ஏற்கனவே வாங்கிய ஒன்று தோலைச் சீவாமல் பிய்க்கிறது, ஏன்? அதைச் சாணை பிடிக்க எங்கே கொடுக்கலாம்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். எங்கேயும் கொடுக்காதீர்கள். கத்தியும் கோடரியும் தீட்டுகிற சாணைச் சில்லில் வைத்தால் பெவலரின் நுனி அந்த நிமிடமே போய்விடும். அந்தச் சில்லு பெவலரின் வாய்க்குள் நுழையவே நுழையாது, வெளிப்பக்கத்தைத்தான் தின்னும். நூல், கம்பி, வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உரசுதாள்) இருந்தால் வீட்டிலேயே வடிவாகத் தீட்டலாம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் இருந்து தோல் வேலை செய்கிறேன். பெல்ட், கத்தி உறை, மாட்டுக்கு மணி கட்டும் கழுத்துப் பட்டி, இவற்றோடு செயற்கைக் கால் போடுகிறவர்களுக்கான பட்டிகளும் செய்கிறேன். போர் முடிந்தது 2009இல். ஆனால் கால் போனவர்களுக்குப் பட்டி தேயத் தேயப் புதிது வேண்டும், அது அவர்கள் வாழ்நாள் முழுக்க உள்ள தேவை. தொடையைச் சுற்றி நாள் முழுக்கக் கிடக்கிற பட்டியின் ஓரம் வெட்டினபடி 90 பாகையில் நின்றால், இந்த வெயிலில், வியர்வையோடு, அது தசையை அறுத்துப் புண்ணாக்கும். மாட்டின் கழுத்துக்கும் அதே கதைதான். ஓரம் சீவுவது அழகுக்குச் செய்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அழகும் வரும், மறுக்கவில்லை. ஆனால் உடம்பில் படுகிற எந்தத் தோல் சாமானுக்கும் ஓரம்தான் முதல், தையலெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, கருவிக்கு வருவோம். பெவலரின் நுனி சின்னக் கவர் மாதிரிப் பிரிந்திருக்கும். இரண்டு கொம்பு, நடுவில் ஒரு வாய். வெட்டுகிற விளிம்பு அந்த வாயின் அடியில் இருக்கிறது. தோலின் மூலை வாய்க்குள் நுழையும், ஒரு கொம்பு தோலின் மேல்முகத்திலும் மற்றது பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பதும் அந்தக் கொம்புகள்தான். கீழ்ப்பக்கம் தட்டையாக இருந்தால் சாய்வான தட்டை வெட்டு விழும், பிறகு அதை உரசி உருட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்திருந்தால் வெட்டும்போதே ஓரம் உருண்டு வரும். பட்டி வேலைக்கு எனக்குக் குழிந்ததுதான் பிடிக்கும். தட்டையானது தீட்டச் சுலபம், அதனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவும் தவறில்லை. பிரெஞ்ச் எட்ஜர் என்று இன்னொன்றையும் இதே பக்கங்களில் விற்கிறார்கள். அது அகன்ற வாயுள்ளது, மடிக்கிற இடத்தில் தோலை மெல்லிசாக்குவதற்கானது. அதை வாங்கி இந்த வேலை செய்ய முடியாது.

ஐந்து கொண்ட செட் வேண்டாம். அவற்றில் இரண்டைத்தான் கையில் எடுப்பீர்கள், மற்றவை பெட்டியில் கிடந்து கறள் பிடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் உருக்கு. மலிவுச் செட்டுகளில் பலது மென்மையான இரும்பு, தீட்டின கூர் ஒரு பெல்ட்டின் நீளத்துக்குக்கூட நிற்காது. கையில் எடுத்துப் பார்த்து வாங்க வாய்த்தால், கைப்பிடிக்குக் கிட்டே, வெட்டாத இடத்தில் சின்ன அரத்தை இலேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் நன்றாகக் காய்ச்சித் தோய்த்த உருக்கு. கடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். (கைப்பிடிப் பக்கத்தைத் தோய்க்காமல் நுனியை மட்டும் தோய்க்கிற கம்பனிகளும் உண்டு. அதனால் கடைக்காரர் சம்மதித்தால் நுனியின் பக்கவாட்டிலும் ஒருதரம் பாருங்கள்.) அமெரிக்காவின் ஒஸ்போர்ன் 1826இலும், பாரிசின் வெர்ஜே பிளான்ஷார் 1823இலும் தொடங்கிய கம்பனிகள். குதிரைச் சேணம் செய்கிறவர்களுக்குக் கருவி செய்து வளர்ந்தவை. ஜப்பானியக் கம்பனிகளின் பெவலர்களும் நல்லவை. ஐந்து மலிவானவற்றுக்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து இப்படி ஒன்றை வாங்குங்கள்.

எந்த அளவு? இலக்கத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பனியின் இலக்கம் 2 இன்னொரு கம்பனியின் இலக்கம் 2 அல்ல. மில்லிமீட்டரில் போட்டிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விற்பவரிடம் வெட்டின் அகலத்தைக் கேளுங்கள். கணக்கு எளிது. 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பெல்ட்டில் மேலே 1, கீழே 1 போனால் நடுவில் 1.5 மிஞ்சும். அது அழகாக உருளும். அதே 1 மில்லிமீட்டர் பெவலரை 2 மில்லிமீட்டர் தோலில் இரண்டு பக்கமும் ஓட்டினால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது, ஓரம் கூராகி நசிந்துபோகும். ஆகவே பெல்ட், உறை, பட்டி செய்கிறவருக்கு 1 மில்லிமீட்டர். பேர்ஸ் மாதிரி மெல்லிய வேலைக்கு 0.6 அல்லது 0.8. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 1.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிய்க்கிறது என்று முறைப்பாடு வருகிற பாதி இடங்களில் குற்றம் பெவலரில் இல்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், பெவலர் அதில்தான் நன்றாக ஓடும். நம்முடைய காய்ந்த காணிகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரையின் பட்டை தோல் பதனிடுவதற்குப் பேர்போனது, அந்த வகைத் தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோல் துணி மாதிரித் துவளும், பெவலருக்கு முன்னால் சுருண்டு குவியும். வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளேயும் பழுப்பாக இருந்தால் முதல் வகை, நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். குரோம் தோலுக்கு ஓரத்தை மடித்துத் தையுங்கள், அல்லது ஓரப் பெயின்ட் பூசுங்கள். சீவ மினைக்கெட வேண்டாம். பட்டைத் தோலிலும் வயிற்றுப் பக்கம் இழுபடும், முதுகுப் பக்கம்தான் இறுக்கம். பட்டியை முதுகிலிருந்து வெட்டுங்கள்.

ஓட்டும் விதம்: தோலை மேசை விளிம்போடு வைத்து, இடது கையால் பெவலருக்குப் பின்னால் அழுத்திப் பிடியுங்கள், முன்னால் அல்ல. வழுக்கினால் அந்த நுனி நேராக விரலுக்குள்தான் போகும். மூலைக்கு 45 பாகை சாய்த்து, கைப்பிடியைத் தாழ்த்தி, நிறுத்தாமல் முன்னே தள்ளுங்கள். கைப்பிடி உயர்ந்தால் நுனி கீழே குத்தி இறங்கும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் ஒரு படி தெரியும். தோல் மிகக் காய்ந்திருந்தால் ஈரப் பஞ்சால் ஓரத்தை மட்டும் ஒருதரம் தடவுங்கள், சோளகம் வீசுகிற மாதங்களில் இது அனேகமாகத் தேவைப்படும். ஊறவிடக் கூடாது, ஊறினால் இழுபடும். எல்லாம் சரியாக இருந்தால் வெட்டுண்ட தோல் பனங்கிழங்கில் உரிக்கிற தும்பு மாதிரி முழு நீளத்துக்கும் ஒரே இழையாகக் கழன்று வரும். இழை அறுந்து அறுந்து தூளாக வந்தால் கூர் போய்விட்டது. இழை சரியாக வந்து, பக்கத்தில் மெல்லிய கீறல் கோடு விழுந்தால் கொம்புகள் கூராக இருக்கின்றன, அதைப் பிறகு சொல்கிறேன். உள்வளைவுகளில் தோலைத் திருப்புங்கள், கருவியைத் திருப்பாதீர்கள். தைத்த பிறகு கை போகாத உள் ஓரங்களைத் தைக்க முன்னமே சீவிவிடுங்கள், வெளி ஓரத்தை ஒட்டித் தைத்து மட்டமாக்கிய பிறகு.

இப்போது தீட்டுவது. புதிதாக வந்த பெவலரையும் தீட்டித்தான் பாவிக்க வேண்டும், கம்பனிக் கூர் பெரும்பாலும் பேருக்குத்தான். முதலில் வெயிலில் வாயைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், கண் பிடிக்காவிட்டால் போன் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது.

கீழ்ப்பக்கத்தில் மார்க்கர் பேனையால் மை பூசுங்கள். தட்டையான வகை என்றால் கண்ணாடித் துண்டில் 1000 இலக்க வோட்டர் பேப்பரை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கீழ்ப்பக்கம் முழுதாகப் படியும்படி வைத்து, கைப்பிடிப் பக்கமாக மட்டும் இழுங்கள். முன்னே தள்ளினால் பேப்பரைக் கிழித்து விளிம்பையும் மழுக்கிவிடும். ஒருதரம் இழுத்ததும் மையைப் பாருங்கள். விளிம்பு வரை அழிந்திருந்தால் சாய்வு சரி. பின்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் கைப்பிடியை ஒரு மயிரிழை உயர்த்துங்கள். குழிந்த வகை என்றால் குழிக்குள் சரியாகப் படிகிற கம்பி ஒன்று தேவை. சைக்கிள் கம்பி அனேகமாக 2 மில்லிமீட்டர், அதற்குச் சிறிது வேண்டுமென்றால் சின்ன ட்ரில் பிட்டின் வழுவழுப்பான பின்பக்கம். பேப்பரின் தடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். கம்பியைப் பலகையில் கிடத்தி, பேப்பரை அதன்மேல் போர்த்தி, அதன்மேல் பெவலரை இழுங்கள். 1000 முடிந்ததும் 2000. சிதைந்த விளிம்பு என்றால் மட்டும் 600இல் தொடங்குங்கள்.

மேல்பக்கம், அதாவது வாயின் உள்ளே, நூலால். யன்னல் கம்பியில் பருத்தி நூலைக் கட்டி, எவர்சில்வர் பட்டறைகளில் பாவிக்கிற பச்சைப் பொலிஷ் கட்டியை அதில் தேயுங்கள். அந்தப் பச்சை குரோமியம் ஒக்சைட். கிடைக்காவிட்டால் பிராசோ நனைத்துக் காயவிட்ட நூலும் பரவாயில்லை. நூலை விண்ணென்று இழுத்துப் பிடித்து, வாயை அதன்மேல் வைத்து, வாயின் சாய்வோடு ஒரே கோட்டில், மறுபடியும் கைப்பிடிப் பக்கமாக. நூல் தொய்ந்தால் விளிம்பில் மடிந்து, கூரை உருட்டிவிடும். வாயின் தரை தட்டையாக இருந்தால் நூல் மூலைகளுக்குப் போகாது. மெல்லிய தகட்டுத் துண்டில் 2000 பேப்பரை மடித்து உள்ளே விடுங்கள்.

ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில் பிசிர் எழும், நகத்தில் உரசினால் தெரியும். மேலும் கீழும் மாறி மாறிப் பச்சைக் கட்டியில் இழுத்து அதைப் போக்குங்கள். குழிந்த வகைக்கு மிகச் சிறந்த வார், அதாவது கூரை மினுக்க இழுக்கிற தோல், எது தெரியுமா? அதே பெவலரால் ஓரம் சீவின தடித்த தோல் துண்டுதான். அந்த ஓரம் கருவியின் குழிக்கு அச்சாகப் பொருந்தும். பொலிஷ் கட்டியை அதில் தேய்த்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வேலைக்கு முன்னும் நாலைந்து தரம் இழுங்கள். இதைப் பழக்கமாக்கினால் வோட்டர் பேப்பர் பக்கம் போவது அரிதாகிவிடும். அதுதான் வேண்டும், ஏனென்றால் பேப்பர் ஒவ்வொரு தடவையும் நுனியைக் குறைக்கிறது, நுனி குறைந்தால் வாயின் ஆழமும் மாறும்.

கொம்புகளுக்கு இதற்கு நேர் எதிர். அவை கூராகவே இருக்கக் கூடாது. தோலில் படுகிற மூலைகளை 1000 பேப்பரால் உருட்டி, கண்ணாடியாக மினுக்கிவிடுங்கள். கீறல் கோடு நின்றுவிடும்.

சீவிய பிறகு 400, 800 பேப்பரால் ஓரத்தை உரசி, ஈரம் காட்டி, முதிரை அல்லது பாலைக் கட்டையில் குழி விட்ட உரசுகட்டையால் சூடேறும் வரை தேய்த்து, தேன்மெழுகு போடுங்கள். கட்டையைப் பக்கத்துத் தச்சரே கடைந்து தருவார். பட்டிகளுக்கு நான் மெழுகோடு நிறுத்துவேன், உடம்பில் படுகிற ஓரத்தில் பெயின்ட் பூசமாட்டேன்.

இன்னொன்று, தீட்டிய உடனே பெவலரையும் கையையும் சோப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பட்டையில் பதனிட்ட ஈரத் தோலில் இரும்புத் தூள் ஒரு துளி பட்டாலும் கருநீலப் புள்ளி விழும், பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்து உண்டாக்குகிற கறை அது. அதே காரணத்தால் பெவலரை அந்தத் தோலில் செய்த உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், வாடைக்காற்று மாதங்களில் கட்டாயம் கறள் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். புள்ளி விழுந்தே விட்டது என்றால் தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் தடவி, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பழைய கறை முழுதாகப் போகாது, அன்றே தடவினால் அனேகமாக மங்கிவிடும்.