கேஷுவலா இருந்தாலும் கேட்க உரிமை உண்டு: 21 நாளை விட்டுடாதீங்க

மன்னார்குடித் தம்பி, மெல்பர்ன் கிடங்கில் இரண்டரை வருஷம் கேஷுவலா, அதாவது நிரந்தரமில்லாத ஆளா, வேலை பார்த்த உங்களுக்கு "இனி ஷிஃப்ட் இல்லை" என்று மெசேஜ் வந்து ஒன்பது நாள் ஆச்சு, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீங்க. முடியும், அநியாயமா வேலையை விட்டு நீக்கிட்டாங்க என்று மனு போடலாம். "தினக்கூலி ஆளுக்கு ஏதுடா உரிமை" என்று அப்பா சொன்னதைக் கேட்டு விட்டுடாதீங்க.

நம்ம பக்கம் அறுவடைக்கு மட்டும் வந்துபோகிற ஆளும் உண்டு, குறுவை தாளடி என்று வருஷம் முழுக்க அதே பண்ணையில் நிற்கிற ஆளும் உண்டு. கூலி ஒன்றுதான், உறவு ஒன்றல்ல. ஆஸ்திரேலியச் சட்டமும் அதைத்தான் பார்க்குது. வாராவாரம் ஒழுங்கா ஷிஃப்ட் வந்து, இனியும் வரும் என்று நம்ப நியாயம் இருந்தால் கேஷுவல் காலமும் சர்வீஸ்தான். மனு போட அப்படி 6 மாத சர்வீஸ் போதும். 15 பேருக்குக் குறைந்த நிறுவனம் என்றால் 12 மாதம். "எங்ககிட்ட பத்துப் பேர்தான்" என்பார்கள். ஒழுங்கா வருகிற கேஷுவல்களும், அந்த நிறுவனத்தோட இணைந்த மற்ற கம்பெனி ஆட்களும் அந்தக் கணக்கில் சேர்வாங்க.

பலரும் கோட்டைவிடுவது நாள் கணக்கில்தான். நீக்கிய மறுநாளிலிருந்து 21 நாளுக்குள், சனி ஞாயிறையும் சேர்த்து, வேலை நீக்க மனுக்களை விசாரிக்கிற ஃபேர் வொர்க் கமிஷனில் மனு சேரணும். ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் வேறு அலுவலகம். சம்பளப் பாக்கிக்கு அங்கே போகலாம், வேலை நீக்க மனுவை அங்கே போட முடியாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அங்கே எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து நாளைத் தொலைக்கிறவங்க இருக்காங்க. சூப்பர்வைசர் மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருப்பதும் அதே கதைதான். மெசேஜே இல்லாமல் ஷிஃப்ட்டைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினால் நீக்கிய தேதியே தகராறாகும், "என்னை நீக்கிட்டீங்களா?" என்று ஈமெயிலில் கேட்டு வைக்கணும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ரோஸ்டர் (ஷிஃப்ட் பட்டியல்) ஆப் இன்னும் திறக்குதா பாருங்க. வேலையை விட்டு எடுத்ததும் லாகினை மூடிடுவாங்க, வாட்ஸ்ஆப் குழுவிலிருந்தும் தூக்கிடுவாங்க. பழைய ரோஸ்டரை வாரம் வாரமா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. திறக்காவிட்டால் பேஸ்லிப்பும் வங்கிக் கணக்கில் வாராவாரம் விழுந்த சம்பளமும் அதே ஒழுங்கைக் காட்டும்.

மனுவின் பெயர் எஃப்2, ஆன்லைனிலேயே போடலாம். கட்டணம் உண்டு, கையில் காசில்லை என்றால் தள்ளுபடி கேளுங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முதலிலேயே எழுதிடுங்க. ஆள் அனுப்புகிற ஏஜென்சி வழியா போனவர் என்றால் எதிர்த்தரப்பாகப் பேஸ்லிப்பில் இருக்கிற கம்பெனி பெயரைப் போடணும், கிடங்கின் பெயரை அல்ல. முதலில் பெரும்பாலும் ஃபோனில் சமரசப் பேச்சு. பல வழக்கும் அங்கேயே முடியுது. முடியாவிட்டால் விசாரணை. வேலையைத் திருப்பித் தர உத்தரவிடலாம், அது சரிவராவிட்டால் இழப்பீடு, அதிகபட்சம் 26 வாரச் சம்பளம். மன வேதனைக்கென்று இதில் தனியாகக் காசு கிடையாது.

உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கு. இந்த வாரமே மனுவைப் போட்டுடுங்க. கூடுதல் ஆதாரத்தைப் பிறகும் கொடுக்கலாம்.