கடலோரச் சிற்றூரில் முதியவர்களோடு எளிதாக நடக்க எந்த வழி ஏற்றது, கடற்கரையா ஆற்றங்கரையா?

இரண்டும் ஏற்றவைதான், ஆனால் கடற்கரையில் நேரத்தைப் பார்த்தே இறங்க வேண்டும். உலர்ந்த, கால் புதையும் மணலில் நடப்பதற்குக் கெட்டியான தரையில் நடப்பதைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்பதால், மேட்டு மணலில் அரை மணி நேரம் நடந்தாலே முழங்கால் வலி உள்ளவர்கள் களைத்துப்போவார்கள். அலை வந்து திரும்பிய ஈரமணல் இறுகியிருக்கும். குதிகால் பதிந்த இடம் ஒரு கணம் வெளிறி, பிறகு மெல்ல நீர் ஊறி மீண்டும் கருக்கும் பகுதிதான் நடக்கத் தகுந்தது. அந்தப் பட்டை நீர் வற்றும்போது மட்டுமே அகலமாகக் கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே நேற்று வசதியாக இருந்த நேரத்தை வைத்து அடுத்த வாரத்துக்குத் திட்டமிட முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் உயரும் என்பதால், பாறைமுனையைச் சுற்றிச் செல்லும் வழியை அப்போது தவிர்ப்பது நல்லது.

ஆற்றங்கரையில் இந்தக் கணக்குகள் குறைவு. கரைமேட்டுப் பாதை பெரும்பாலும் சமதளம், நிழலும் உண்டு. முதல்முறை செல்வோருக்கு நான் சொல்வது அதைத்தான். முகத்துவாரத்தில் மட்டும் சேற்றுத் திட்டுகளில் இறங்கவோ ஆற்றைக் குறுக்கே கடக்கவோ கூடாது; பாலம் தொலைவில் இருந்தாலும் அதன் வழியாகவே திரும்புங்கள்.