மோட்டார் ஓசைக்கு நாரை நிற்குமா?

கேள்வி: பிள்ளைகளுக்குப் பறவைகள் காட்டப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகிறோம். மோட்டார் படகா, துடுப்புப் படகா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: துடுப்புதான், அம்மா. மோட்டார் ஓசை கேட்டதுமே நாரை பறந்துவிடும்; பிறகு யாருக்கு எதைக் காட்டுவீர்கள்? குறுகிய கால்வாய்க்குள் சுரபுன்னை மரங்களின் தொங்கும் வேர்கள் தலையில் இடிக்கும், குனிந்தே போக வேண்டும். நீர் வற்றும் நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் சேறு தெரியும். அங்கே ஓர் ஆண் நண்டு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைத்துக்கொண்டிருக்கும். போன முறை அதையே வேடிக்கை பார்த்து, எதிர்க்கிளையில் இருந்த மீன்கொத்தியைத் தவறவிட்டேன்! தில்லை மரத்தையும் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த மரம். கிளையை மட்டும் பிள்ளைகள் ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.