முட்டை மஃபின், வார மதிய டப்பாவுக்கு: கேள்வி பதில்

வேளச்சேரி: அக்கா, வீட்ல சின்ன ஓ.டி.ஜி.தான் (மேலயும் கீழயும் கம்பி சூடாகற சின்ன கரண்ட் ஓவன்). ஆறு குழித் தட்டுக்கு அளவு சொல்லுங்க.

பதில்: முட்டை 5, பால் 50 மி.லி., வதக்கி ஆறவச்ச காய் 125 கிராம், துருவின சீஸ் 30 கிராம், மிளகுத்தூள் கால் டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி, ஏன்னா சீஸ்லயும் உப்பு இருக்கு. முட்டையை நுரை கட்ட அடிக்க வேண்டாம். வெள்ளைக்கரு இழையாத் தெரியாத அளவுக்குக் கலக்கினா போதும். காயை முதல்ல ஆறு குழிக்கும் பங்கு போட்டுட்டு, மேல முட்டையை ஊத்துங்க. எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல கலந்து ஊத்தினா காய் அடியில தங்கிடும். முதல் குழிக்கு வெறும் முட்டையும் கடைசிக் குழிக்கு வெறும் காயும்தான் போகும். முக்கால் குழியோட நிறுத்திடுங்க.

10 நிமிஷம் முன்சூடு, 170 டிகிரி, நடுத்தட்டு, 18 முதல் 22 நிமிஷம். சின்ன ஓ.டி.ஜி.யில மேல் கம்பி தட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும். மேல சிவந்து நடு வேகாம நின்னா, முதல் 12 நிமிஷம் கீழ்க் கம்பி மட்டும் எரியட்டும், பிறகு ரெண்டும். தட்டை லேசா அசைச்சா நடுப்பாகம் தளதளன்னு ஆடக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 71 டிகிரி காட்டணும்.

சூட்டோட டப்பாவை மூடாதீங்க, ஆவி தண்ணியா மாறி மஃபின் மேலயே சொட்டும். அதுக்காக மேடையில வச்சு மறந்துடவும் கூடாது. 32 டிகிரி தாண்டற நாள்ல வெளிய ஒரு மணி நேரம்தான் கெடு. சென்னையில வருஷத்துல பாதி நாள் அந்தக் கணக்குதான்.

அம்பத்தூர்: ரெண்டாம் நாள் டப்பா அடியில தண்ணி நிக்குது. முட்டை சரியில்லையா?

பதில்: முட்டை மேல தப்பு இல்லீங்க, காய் விடற தண்ணி அது. காளான், தக்காளி, பாலக்கீரை மூணும் முக்கியக் காரணம். காளானைப் பெரிய தீயில வதக்குங்க. முதல்ல தண்ணி விடும், அது வத்தி, கரண்டி பட்டா சர்ருன்னு சத்தம் வர்ற வரைக்கும் இறக்கக் கூடாது. தக்காளியில விதையும் சாறும் எடுத்துட்டு சதையை மட்டும் போடுங்க. பாலக்கீரையை வதக்கி, ஆறினதும் கையால இறுக்கிப் பிழியணும். முருங்கைக்கீரை அவ்வளவு தண்ணி விடாது, ஆனா காம்பு ஒண்ணு விடாம ஆயணும். இல்லைன்னா நார் வாயில மாட்டும். சுரைக்காய், பீர்க்கங்காய் பக்கமே போகாதீங்க. மிச்சப் பொரியல் தாராளமாப் போடலாம், தேங்காய் போடாததா இருந்தா.

இன்னொரு காரணம் அதிக சூடு. முட்டை அளவுக்கு மேல வெந்தா அதோட புரதம் இறுகி, உள்ள பிடிச்சு வச்ச தண்ணியை வெளிய தள்ளிடும். காய் உலர்ந்திருந்தும் தண்ணி நின்னா 10 டிகிரி குறைச்சுப் பாருங்க.

போரூர்: ஓவன்ல உப்பி நிக்குது, வெளிய எடுத்ததும் அமுங்குது.

பதில்: உப்ப வச்சது நீராவி. ஆறினா அமுங்கத்தான் செய்யும். ரொம்பக் குழிஞ்சா, முட்டையை அதிகமா அடிச்சிருக்கீங்க.

தாம்பரம்: ஞாயித்துக்கிழமை செஞ்சா சனிக்கிழமை வரைக்கும் வருமா?

பதில்: ஃபிரிட்ஜ்ல வராது. 4 டிகிரியில 3 நாள், மிஞ்சினா 4 நாள். திங்கள் முதல் புதன் வரைக்கும் ஃபிரிட்ஜ் டப்பா. வியாழன், வெள்ளிக்கு வேண்டியதை ஞாயித்துக்கிழமையே, நல்லா ஆறினதும், ஒவ்வொண்ணாச் சுத்தி ஃப்ரீசர்ல வச்சிடுங்க. முந்தின ராத்திரி ஃபிரிட்ஜுக்கு இறக்கினா காலையில தயார். ஃபிரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, திறந்து மூடற ஒவ்வொரு தடவையும் அங்கதான் சூடு ஏறும்.

மயிலாப்பூர்: இட்லிப் பானை இருக்கற வீட்ல ஓவன் எதுக்கு? ஆவியில வெந்தது மிருதுவா இருக்கும், கரண்டும் மிச்சம்.

அண்ணா நகர்: இட்லித் தட்டுல வச்சா அது முட்டை இட்லி. மேல அந்தச் சிவப்பு வராதே.

மயிலாப்பூர்: சிவப்பு எதுக்கு? மதியம் சாப்பிடும்போது காயாம இருந்தா போதாதா?

பதில்: ரெண்டு பேரும் சொல்றதுல விஷயம் இருக்கு. அன்னிக்கே சாப்பிடறதா இருந்தா எனக்கு ஆவிதான் பிடிக்கும், முட்டை பட்டு மாதிரி வரும். வாரத்துக்குச் சேர்த்து வைக்க ஓவன்தான். ஓவன்ல மேல்பரப்பு காய்ஞ்சு வர்றதால டப்பாவுல ஈரம் கம்மி, ஃப்ரீசர் போய் வந்தாலும் சொதசொதக்காது. ஆவியில செஞ்சதை ஃப்ரீசர்ல வைக்கவே வேண்டாம்.

ஆவியில செய்யறவங்க இதைக் கவனிங்க. ஓட்டைத் தட்டு ஆகாது, முட்டை ஒழுகிடும். மேல் தட்டு அடியில கோர்க்கற தண்ணி கீழ்த் தட்டு முட்டையில விழுந்து அங்கங்க குழி போடும், அதனால ஒரே ஒரு தட்டு மட்டும் வைங்க. மூடியை மெல்லிய துணியால கட்டுங்க. குக்கர்னா வெயிட் போடாதீங்க. மிதமான தீயில 10 முதல் 12 நிமிஷம். தண்ணி தளதளன்னு கொதிச்சா முட்டை பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து ரப்பராயிடும்.

மயிலாப்பூர்: துணி கட்டினா ஒரு தட்டு என்ன, ரெண்டு தட்டே வைக்கலாமே.

பதில்: துணி மூடியில இருந்து சொட்டறதைத்தான் தடுக்கும், மேல் தட்டுல இருந்து சொட்டறதை இல்ல. ரெண்டு தட்டு வேணும்னா கீழ இருக்கற குழிகளை வாழையிலைத் துண்டால மூடுங்க.

ராயபுரம்: பணியாரக் கல்லுல செய்யலாமா?

பதில்: செய்யலாம். சின்ன தீ, மூடி போட்டு 4 நிமிஷம், திருப்பி 2 நிமிஷம். இரும்புக் கல்லா இருந்தா வெந்த உடனே எடுத்துடுங்க. அதுலயே கிடந்தா முட்டை பச்சையும் கருப்புமா நிறம் மாறும். குழி சின்னது, அதனால ஒரு ஆளுக்கு அஞ்சாறு கணக்கு வைங்க.

பெரம்பூர்: தட்டுல ஒட்டிக்குது, கத்தி போட்டுத்தான் எடுக்கறேன்.

பதில்: சிலிக்கான் அச்சு வாங்குங்க, இதுக்கு மட்டும் அந்தச் செலவு தகும். உலோகத் தட்டுன்னா பிரஷ்ஷால எண்ணெயை விளிம்பு வரைக்கும் தடவணும், முட்டை முதல்ல பிடிக்கறது அங்கதான். வெளிய எடுத்து 5 நிமிஷம் விட்டா தானா விலகும்.

குரோம்பேட்டை: ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் இருக்குமா அக்கா?

பதில்: தாம்பரத்துக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

மடிப்பாக்கம்: கடலை மாவுல முட்டை இல்லாம செய்யலாமா?

பதில்: அது வேற பலகாரம், அளவும் வேற. தனியாக் கேளுங்க.

ஆவடி: கொலஸ்ட்ரால் இருக்கு, தினம் ரெண்டு சாப்பிடலாமா?

பதில்: அதை உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும். கணக்குக்கு மட்டும்: முதல்ல சொன்ன அளவுல ரெண்டு மஃபினுக்கு ஒண்ணரை முட்டைக்கு மேல வரும், புரதம் சுமார் 12 கிராம்.

திருவொற்றியூர்: ஆஃபீஸுக்கு பஸ்ல ஒண்ணரை மணி நேரம். மதியம் ஒரு மணிக்குத்தான் சாப்பாடு. சும்மா டப்பாவுல எடுத்துட்டுப் போலாமா?

பதில்: கூடாது. திரும்பச் சொல்றேன், 32 டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம்தான். கெட்டுப்போன முட்டை எப்பவும் நாத்தத்தைக் காட்டிக் கொடுக்காது; வாசனை நல்லா இருக்குன்னு நம்பிச் சாப்பிடாதீங்க. சூடு தாங்கற பையில உறைஞ்ச ஐஸ் பேக் ரெண்டு, டப்பாவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஆஃபீஸ் போனதும் ஃபிரிட்ஜ். குழந்தைங்க ஸ்கூல் டப்பாவுக்கும் இதேதான்; ஐஸ் பேக் இல்லைன்னா அன்னிக்கு வேற ஏதாவது கட்டிக் கொடுங்க.

பல்லாவரம்: ராத்திரி கரண்ட் போய் காலையிலதான் வந்துச்சு. ஃபிரிட்ஜ்ல இருந்த மஃபினைச் சாப்பிடலாமா?

பதில்: கதவைத் திறக்காம இருந்தா 4 மணி நேரம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போயிருந்தா தூக்கிப் போடுங்க.

சோழிங்கநல்லூர்: ஆஃபீஸ் மைக்ரோவேவ்ல சூடு பண்ணா ரப்பர் ஆகுது. ஒரு வாரம் வச்சதாலயா?

பதில்: ஒரு வாரம் வச்சிருந்தா சூடே பண்ணாதீங்க, அது குப்பைக்கு. மூணு நாளுக்குள்ள இருந்தா ரெண்டா வெட்டி, மேல ஈரமான டிஷ்யூ போட்டு, பாதி பவர்ல 45 செகண்ட், திருப்பி வச்சு இன்னும் 20 செகண்ட். உள்ளயும் ஆவி பறக்கணும். முழு பவர்ல ஓரம் கல்லாகும், நடு ஜில்லுன்னு நிக்கும்.