துர்ஃபானில் சீன எழுத்து: கேள்வி பதில்

துர்ஃபான், சீனாவின் வடமேற்கு ஓரத்தில் உள்ள பாலைவனச் சோலை. சீனர், சோக்தியர் (சமர்கண்ட் பக்கத்திலிருந்து வந்த வணிக இனத்தவர்), துருக்கியர் எல்லாரும் கலந்து வாழ்ந்த ஊர். தனி அரசாக இருந்ததை 640-இல் சீனாவின் தாங் பேரரசு பிடித்தது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: சீன எழுத்து வந்ததும் மக்கள் தாய்மொழியை விட்டுவிட்டார்களா?

இல்லை. எழுத்து வேறு, பேச்சு வேறு. தாங் ஆட்சிக்கு முன்பே அங்கே கன்பூசியஸின் மொழிகளைத் தொகுத்த 'லுன்யூ' நூல் பாடமாக இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்வது 'ஹூ' மொழியில்தான் (சீனரல்லாத மேற்கத்தி மக்களின் பேச்சுக்குச் சீனர் வைத்த பெயர்) என்று சீன வரலாற்று நூலே குறித்து வைத்திருக்கிறது.

கேள்வி: பிள்ளைகள் எப்படிக் கற்றார்கள்?

இதற்காகவே காத்திருந்தேன். துர்ஃபானை ஒட்டிய அஸ்தானா என்ற பழைய இடுகாட்டில் 1969-இல் ஒரு சுருள் கிடைத்தது. பூ தியென்ஷோ என்ற 12 வயதுப் பையன் 710-இல் லுன்யூவை உரையோடு படியெடுத்துவிட்டு, கடைசியில் சொந்தமாகச் சில வரி எழுதியிருக்கிறான்: எழுதி முடித்தாயிற்று, தாமதம் என்று வாத்தியார் குறை சொல்ல வேண்டாம், நாளைக்கு லீவு, பிள்ளைகளைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். 'தாமதம்', 'லீவு' வரும் இடங்களில் அதே ஒலியுள்ள வேறு எழுத்துகளைப் போட்டிருக்கிறான். காதில் விழுந்ததைக் கை எழுதியிருக்கிறது! 1,300 வருடம் கழித்தும் அந்தப் பிழையைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: தாங் படை திணித்த எழுத்துதானே இது?

ஒத்துக்கொள்ள மாட்டேன். அஸ்தானாவில் கிடைத்த சீன ஆவணங்களில் பழையது 273-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படை வந்ததோ 640-இல்.

அதே நண்பர்: குடிக்கணக்கு, நிலப்பதிவேடு எல்லாம்?

அதைத் தாங் அதிகாரிகள் கறாராக எழுத வைத்தார்கள், உண்மைதான். ஆனால் கடன் பத்திரத்தை யாரும் திணிக்கவில்லை. 'அரசுக்குச் சட்டம், மக்களுக்குத் தங்கள் ஒப்பந்தம்' என்று அந்தப் பத்திரங்களிலேயே வரும். 670 வாக்கில் சாவ் லூஷான் என்ற சோக்தியர், தன் அண்ணனிடம் ஒரு சீன வணிகர் வாங்கிய 275 பட்டுச் சுருள் கடனுக்காகச் சீன அதிகாரிகளிடமே வழக்குப் போட்டார். இன்னொரு பக்கம், 639-இல் ஓர் அடிமைப் பெண்ணை விற்ற பத்திரம் சோக்திய மொழியில் இருக்கிறது. எந்தக் காகிதம் செல்லுமோ அதில் எழுதினார்கள்.

கேள்வி: காகிதம் எப்படி இத்தனை காலம் தாங்கியது?

மழை இல்லாத மண். பழைய அலுவலகக் காகிதத்தை வெட்டிப் பிணத்துக்குச் செருப்பும் தொப்பியும் தைத்தார்கள். ஆய்வாளர்கள் தையலைப் பிரித்துத்தான் படிக்கிறார்கள்.

கேள்வி: பிறகு வந்த உய்குர்களின் (ஒரு துருக்கிய இனத்தவர்) பேச்சும் சீனமாகிவிட்டதா?

மூன்றாவது தடவையாக இதே கேள்வி. எழுத்து வேறு, பேச்சு வேறு! அவர்கள் சோக்திய எழுத்திலிருந்து வந்த எழுத்தில் தங்கள் மொழியை எழுதினார்கள். பத்திரம் எழுதும் முறையில் மட்டும் சீனச் சாயல் உண்டு.

கேள்வி: சீனாவில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதாமே?

சுவான்ஜோ துறைமுகத்தில், 1281-ஐச் சேர்ந்தது. அது கடல் வணிகர் கதை, தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: எழுதத் தெரியாதவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார்?

விரலைக் காகிதத்தில் வைத்து, கணு வரும் இடங்களில் கோடு போடுவார்கள். பத்திரத்தின் அடியில் பெயரும், பக்கத்தில் அந்த விரலின் நீளமும் அப்படியே இருக்கின்றன.