காரில் ஸ்நோ மோடைக் குளிர்காலம் முழுக்கப் போட்டே வைத்திருக்கலாமா?

கனடாவில் உங்களுக்கு இது முதல் குளிர்காலம். வாங்கிய ஆல் வீல் டிரைவ் காரில், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் காரில், ஸ்நோ மோட் பட்டன் இருக்கிறது. டிசம்பரில் போட்டு மார்ச்சில் எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேவைப்படும் இடத்தில் போடுங்கள், அதைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

அந்தப் பட்டனின் வேலை பெரும்பாலும் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்தது. அதைப் போட்டபின் நீங்கள் காலை அழுத்தினாலும் எஞ்சின் நிதானமாகத்தான் இழுக்கும். சில ஆட்டோமேட்டிக் கார்கள் முதல் கியரை விட்டுவிட்டு இரண்டாவது கியரிலேயே கிளம்பும், மேல் கியருக்கும் சீக்கிரம் மாறும். சக்கரத்துக்குப் போகும் விசை குறைவதால் அது நின்ற இடத்திலேயே சுற்றாமல் பனியைப் பிடித்து நகரும். ஆல் வீல் டிரைவ் கார் என்றால், முன்சக்கரம் வழுக்கும்வரை காத்திராமல் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும். விவரங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுபாரு கார்களில் ஸ்நோ மோட் மாதிரி இருக்கும் எக்ஸ் மோட், வேகம் சுமார் 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் தானாக விலகிக்கொள்ளும். மெதுவாக ஊர்ந்து போகும் நேரத்துக்காகச் செய்தது அது.

இதில் பிரேக் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த தார்ச் சாலையில் ஏறக்குறைய 15 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 50 மீட்டர் ஆகலாம், ஐஸ் என்றால் 100 மீட்டர்கூட ஆகலாம். ஸ்நோ மோட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் கணக்கு. ஆல் வீல் டிரைவும் இங்கே உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நாலு சக்கரத்திலும்தானே இருக்கிறது!

எனக்கு இந்த மோடில் இருக்கும் பெரிய கவலை வேறு. சாதாரணமாகக் கிளம்பும்போது சக்கரம் லேசாக வழுக்கும், டாஷ்போர்டில் வழுக்கலைக் காட்டும் மஞ்சள் விளக்கு மினுக்கும். ரோடு இன்று சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ஸ்நோ மோடில் கார் நோகாமல் கிளம்பிவிடுவதால் அந்த எச்சரிக்கை நமக்குக் கிடைப்பதில்லை. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி வேகம் எடுப்போம். அடுத்த சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியும்.

அதனால் பனி நாட்களில் நான் தவறாமல் ஒன்று செய்வேன். எங்கள் தெருவை விட்டு வெளியே வருவதற்குள், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக்கை நன்றாக அழுத்துவேன். வழுக்கினால் பெடல் காலடியில் கடகடவென்று உதறும். அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்திக்கொண்டே இருங்கள். கார் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பார்த்தால் போதும், அன்றைக்கு முன்வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று பிடிபட்டுவிடும்.

நான் ஒன்டாரியோ மாகாணத்து ஒட்டாவாவில் இருக்கிறேன், வேலை ஆற்றுக்கு அக்கரையில் கியூபெக் மாகாணத்துக் கட்டினோவில், தினமும் பாலம் தாண்டவேண்டும். பாலங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அடியிலும் குளிர்காற்று அடிப்பதால் மற்ற ரோட்டுக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். மைனஸ் 20-ஐவிட பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள்தான் மோசம். ஐஸ் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், பார்க்க வெறும் ஈரம் போலத்தான் இருக்கும்.

எப்போது போடுவது? பனி அள்ளாத தெரு, நிலத்தடி பார்க்கிங்கிலிருந்து ஏறும் சரிவு, பனி கொட்டும்போது ஊர்ந்து போகும் டிராஃபிக், இங்கெல்லாம் போடுவேன். உப்புப் போட்டுப் பனி கரைந்து கறுப்பாகத் தெரியும் 417 நெடுஞ்சாலையில் ஏறும்முன் எடுத்துவிடுவேன். ஓடும் வண்டிகளோடு சேரும்போது எஞ்சின் உடனே இழுக்கவேண்டும். அப்புறம், ஈர ரோட்டிலும் பனி ரோட்டிலும் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

ஆழமான பனியில் மாட்டிக்கொண்டால் விஷயம் தலைகீழ். சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வரமுடியும். ஆனால் சுழலும்போதெல்லாம், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விசையை வெட்டிவிடும். அதை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து எடுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை டயர்தான். சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகப்போக இறுகிப் பிடிமானத்தை இழக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் இருக்கும் குறி போட்ட விண்டர் டயரைப் பார்த்து வாங்குங்கள், நாலு சக்கரத்துக்கும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் விண்டர் டயருக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாகவேண்டும். கேட்டு வாங்குங்கள். டயர் மாற்ற அக்டோபரிலேயே கடையில் நேரம் குறித்துவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் போன் செய்தால் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள்.