மெமறி காட்டில் இருக்கும் பாட்டைக் கேட்பதற்கு ஒரு செயலி: கேள்வியும் பதிலும்

சொந்தமாகச் சேர்த்து வைத்த பாடல்களைக் கைத்தொலைபேசியில் கேட்பதற்கு நான் பயன்படுத்தும் மியூசிகோலெட் என்னும் செயலியைப் பற்றிச் சென்ற வாரம் நான்கு வரி எழுதியிருந்தேன். மாங்குளம் தொடங்கி முல்லைத்தீவு வரையில் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அக்கா: தம்பி, இணையத்தில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே, பிறகு இந்தச் செயலி எதற்கு?

அக்கா, நீங்கள் நெடுங்கேணிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காட்டுப் பகுதியில் சிக்னல் போய், பாட்டு பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மியூசிகோலெட் இணைய அனுமதியையே கேட்பதில்லை. ஆகவே அதில் விளம்பரம் வராது, டேட்டா செலவாகாது, நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்ற விவரம் அதன் வழியாக எங்கும் போகாது.

ஆனால் நான் அதை மெச்சுவதற்குக் காரணம் வேறு. பல பாடல் வரிசைகளை ஒரே நேரத்தில் வைத்திருக்க அது விடுகிறது. விடியற்காலையில் கேட்கும் தேவாரம் ஒரு வரிசையிலும், பயணத்தில் கேட்கும் திரைப்பாடல் இன்னொரு வரிசையிலும், இரவில் கேட்கும் நாதஸ்வரம் மூன்றாவதிலும் இருக்க, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறித் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே பாட்டுத் தொடங்கும். கோப்புறைகளை நீங்கள் அடுக்கிய ஒழுங்கிலேயே அது காட்டும் என்பதும் எனக்குப் பிடித்த ஒன்று.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியர்: பழைய இறுவட்டுகளிலிருந்து ஏற்றிய பாடல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரிகின்றன. கோப்புப் பழுதாகிவிட்டதா?

கோப்புக்கு ஒன்றும் இல்லை, ஐயா. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்தார்கள். அதில் ‘அம்மா’ என்று எழுதுவதற்கு எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்னும் ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கணினி சேமித்து வைத்ததும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி எழுத்துரு இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தோன்றும். தொலைபேசியில் அது இல்லாததால், உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. அந்தப் பெயரைப் படியெடுத்து, பாமினியை, இன்று தொலைபேசிகள் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்றும் கருவி ஒன்றில் இட்டு, வரும் தமிழைச் செயலியிலுள்ள விவரத் திருத்தியில் ஒட்டிவிடுங்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால், கணினியில் எம்பி3டாக் என்னும் மென்பொருளைக் கொண்டு ஒரு முழுத் தொகுப்பின் பாடகர் பெயரையும் ஆண்டையும் ஒரேயடியாக மாற்றலாம். பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள் எழுதி வைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர். அதன் பழைய முதற் பதிப்பில் தலைப்புக்கு 30 எழுத்துகளுக்கே இடமிருந்தது, யூனிகோடும் இல்லை. ஆகவே இரண்டாம் பதிப்பாகவே சேமியுங்கள். செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நாம் பெயர் சூட்டாத பாட்டை அதனால் தேடித் தர முடியாது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, எம்பி3 நல்லதா, பிளாக் (FLAC) நல்லதா? என்னிடம் 32 ஜிபி மெமறி காட் இருக்கிறது.

எம்பி3 காதுக்கு எளிதில் பிடிபடாத ஒலிகளை நீக்கிவிட்டுச் சுருக்குகிறது. பிளாக் எதையும் இழக்காமல் சுருக்குகிறது. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3யில் ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. உங்கள் காட்டில் ஏறத்தாழ 2,500 பாட்டுகள் கொள்ளும். பிளாக் என்றால் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவுதான். சாதாரண இயர்போனில் பஸ் இரைச்சலுக்குள் கேட்பவருக்கு எம்பி3 தாராளமாகப் போதும். எம்பி3யைப் பிளாக்காக மாற்றினால் போன ஒலி திரும்பி வராது, கோப்புத்தான் பெருக்கும். அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மெமறி காட்டை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். என் முதல் சேகரிப்பு முழுவதும் ஒரே காட்டில் இருந்தது. ஒருநாள் தொலைபேசி அதை அடையாளம் காண மறுத்தது; அத்துடன் எல்லாம் போயிற்று.

பரந்தனிலிருந்து: இயர்போன் பொத்தானால் பாட்டை மாற்ற முடியுமா?

முடியும். ஒருமுறை அழுத்தினால் நிற்கும், இருமுறை அழுத்தினால் அடுத்த பாட்டு, மும்முறை அழுத்தினால் முந்தைய பாட்டு. மோட்டார் சைக்கிளில் போகும்போது மட்டும் வேண்டாம். யானை இறங்கும் வீதியில் இரண்டு காதும் நமக்கு வேண்டும்.

வவுனியாவிலிருந்து: ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது வீடு அதிரவும் ஒலிக்கிறது. வழி உண்டா? என் மகளிடம் ஐபோன் இருக்கிறது, அவளுக்கு எது?

ஒலியளவைச் சமப்படுத்த ரீப்ளேகெயின் என்றொரு முறை உண்டு. பாட்டைத் தொடாமல், எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்னும் குறிப்பை மட்டும் அது கோப்பில் எழுதி வைக்கும். ஃபூபார்2000, பவராம்ப் ஆகியவை அந்தக் குறிப்பைப் படித்து நடக்கும். மியூசிகோலெட் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரியது. மகளுக்கு ஃபூபார்2000 அல்லது விஎல்சி பொருந்தும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர்: 1990களில் பதிந்த கோவலன் கூத்துக் கசெட் இரண்டு என்னிடம் மிஞ்சியிருக்கின்றன. இவற்றைத் தொலைபேசியில் கேட்க முடியுமா? போட்டுப் பார்த்தால், கூத்தைப் பழக்கி நடத்திய அண்ணாவியாரின் குரல் சிறுபிள்ளையின் குரல்போலக் கேட்கிறது.

ஐயா, முதலில் கசெட்டை ஒருமுறை முன்னும் பின்னும் முழுவதுமாகச் சுற்றிவிடுங்கள். நெடுநாள் கிடந்த நாடா ஒட்டியிருக்கும். பிறகு ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயரைக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்னும் மென்பொருளில் பதியுங்கள். ஒலிமானி சிவப்பைத் தொடாமல் இருக்கட்டும்.

குரல் மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் பற்றரிதான். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாம். சுற்றுகிற கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து தடிக்கும். பதியும்போது நடந்தது இதன் மறுதலை: பற்றரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, இப்போது சரியான வேகத்தில் ஓட்டுவதால் எல்லாம் விரைந்து, குரல் கீச்சிடுகிறது. ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதி இருக்கிறது. அந்த அண்ணாவியாரின் குரலை நேரில் கேட்ட ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் தலையாட்டும் வரை சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். பற்றரி போகப்போகத் தளர்ந்திருக்கும் என்பதால், நாடாவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படலாம்.

மூலப் பதிவைப் பிளாக்காகக் கணினியில் வைத்துக்கொண்டு, எம்பி3 படி ஒன்றைத் தொலைபேசிக்கு ஏற்றுங்கள். கூத்துக்கென்று தனி வரிசை ஒன்று வைத்தால், இன்று கோவலன் விடைபெறும் இடத்தில் நிறுத்திவிட்டு நாளை அங்கிருந்தே கேட்கலாம். பாடகர் என்னும் இடத்தில் அண்ணாவியாரின் பெயரையும், குறிப்பு என்னும் இடத்தில் எந்தக் கோயில் முற்றம், எந்த ஆண்டு, மத்தளம் யார் என்பதையும் எழுதிவிடுங்கள். படி ஒன்றை எனக்கும் தந்தால் வந்து வாங்கிக்கொள்வேன்.